மிச்சம் அண்ணே

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. மூன்று வருடம், வாரத்துக்கு நாலு நாள் அவர் கடையில் உட்கார்ந்து டீ குடித்தவனுக்குப் பெயர் தெரியாமல் எப்படி இருக்கும் என்கிறார்கள். கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். என் போனில் அவர் ‘மிச்சம் அண்ணே’. போடியில் கம்ப்யூட்டர் வைத்திருந்த பாதிப் பேருடைய போனில் அவர் அப்படித்தான் இருந்தார். பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. பலகையில் ‘கம்ப்யூட்டர் சர்வீஸ்’ என்று மட்டும் இருக்கும். கீழே பெயரும் நம்பரும் எழுதுவதற்காகப் பெயிண்டர் இடம் விட்டிருந்தார். விட்ட இடம் கடைசிவரை விட்டபடியே இருந்தது.

நான் அப்போது இன்ஜினியரிங் முடித்துவிட்டு, எழுதிப் போட்ட கம்பெனிகளிலிருந்து பதில் வருமா என்று நாளுக்கு நாற்பது தடவை மெயிலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் லேப்டாப்பில் ஒரு ஆன்டிவைரஸ். ஓசியில் ஒரு மாதம் ஓட்டி, பிடிக்காமல் எடுத்துவிட்டேன். எடுத்த பிறகும் தினமும் காலையில் லேப்டாப்பைத் திறந்ததும் ‘உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது’ என்று வந்து நிற்கும். பத்து நாள் பார்த்துவிட்டு, ஊரில் சொன்னார்களே என்று அவரிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

நாற்பது வயது இருக்கும். ஒல்லி. இஸ்திரி கலையாத அரைக்கைச் சட்டை. பையில் ஒரு டெஸ்டரும், பிளாஸ்டிக் கவரில் சுருட்டி வைத்த மண்ணெண்ணெய்த் துணியும். அந்தத் துணி எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

“எடுத்துட்டியா?” என்றார்.

“எடுத்துட்டேண்ணே. அன்இன்ஸ்டால் கொடுத்தேன். வெற்றிகரமா நீக்கப்பட்டதுன்னு வந்துச்சு.”

“யாரு சொன்னா?”

“அதுதாண்ணே.”

“அதுகிட்டயே கேட்டா அது அப்படித்தானப்பா சொல்லும்.”

அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, தனக்குத்தானே கேட்பதுபோல, “மிச்சம் எங்க?” என்றார். பேர் வந்த கதை இதுதான். அவர் கையில் எந்தக் கம்ப்யூட்டர் வந்தாலும் முதலில் வருகிற கேள்வி இது.

“இப்ப பாரு தம்பி. கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரன் ஊருக்குப் போயிட்டான். ஆனா கொடியில அவன் துண்டு காயுது. சன்னல்ல அவன் பிரஷ்சு இருக்கு. கட்டிலுக்கு அடியில ஒரு செருப்புக் கெடக்கு. என்னா அர்த்தம்?”

“மறந்துட்டுப் போயிட்டாருன்னு அர்த்தம்.”

“இல்ல. திரும்பி வருவான்னு அர்த்தம்.”

துண்டையும் பிரஷையும் செருப்பையும் அவர் ஒவ்வொன்றாகப் பிடித்தார். மறைத்து வைத்த போல்டர்களில் ஏழு. கம்ப்யூட்டர் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்துக்கொள்ளும் ரெஜிஸ்ட்ரி என்கிற பெரிய பதிவேட்டில் முப்பத்தாறு வரிகள். காலையில் எழுந்ததும் தானாக ஓடவேண்டிய வேலைகளின் பட்டியலில் ஒன்று. அந்த ஒன்றுதான் எனக்குத் தினமும் ஆபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் ஒரு கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரிசை போட்டு எழுதி, ஒவ்வொன்றாக அழித்து, ஒவ்வொன்றாக அடித்தார். கடைசியாக ஒரு வேலை உண்டு. அழித்த இடத்தின் மேல் வெற்று எழுத்துகளைத் திரும்பத் திரும்ப எழுதி நிரப்புவார். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் ‘மெழுகுறது’. அவர் மெழுகிய இடத்திலிருந்து எந்தக் கொம்பனாலும் ஒரு எழுத்தைக்கூடத் திரும்ப எடுக்க முடியாது. அது அவருக்குப் பெருமை.

இரண்டரை மணி நேரம் ஆயிற்று. பொறுமை போய், “ஒரேயடியா பார்மட் போட்டிருக்கலாமேண்ணே, இருபது நிமிசச் சோலி” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “பல்லு வலிக்குன்னு போறே. டாக்டரு, கழுத்தோட எடுத்துரவாங்கிறாரு. சரிம்பியா?”

அன்றிலிருந்து நான் அவர் கடையில் ஒரு நிரந்தரத் தொல்லை. எனக்கு எல்லாமே வேகமாக நடக்கவேண்டும். புதிது எது வந்தாலும் அன்றே போட்டுப் பார்க்கவேண்டும், மறுநாள் சலித்து எடுக்கவேண்டும். அவருக்கு எடுக்கிற வேலையில்தான் உயிர். இன்ஸ்டால் பண்ணச் சொல்லி யாராவது வந்தால் முகம் தொங்கிவிடும். “போடுறதுக்கு என்னா, எவனும் போடுவான்” என்பார்.

இந்தக் குணம் கம்ப்யூட்டரோடு நின்றிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். மெஸ்ஸில் அவர் சாப்பிட்டு எழுந்த இலையை, யாரும் உட்காராத இலை என்று நினைத்து அதிலேயே சோறு போட வந்தார் பரிமாறுகிறவர். கறிவேப்பிலை, மிளகாய், முருங்கைச் சக்கை எதுவும் மிஞ்சாது. சக்கை எங்கே போயிற்று என்பது எனக்கு இன்றும் தெரியாது. ஆப்பிள் வாங்கினால் அதில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை எடுப்பார். எடுத்த இடத்தில் பிசுக்கு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். இருந்தால் அதையும் துடைத்துவிட்டுத்தான் கடிப்பார். பழத்துக்கு மண்ணெண்ணெய் இல்லை, தண்ணீர்தான். மண்ணெண்ணெய்த் துணி, ஊரில் பாதி கிழித்து விட்ட ஸ்டிக்கர்களுக்காக. சிலிண்டர், பஸ் சீட்டு முதுகு, ஏடிஎம் கதவு எதையும் விடமாட்டார். பேசிக்கொண்டே நடப்பவர் திடீரென்று காணாமல் போவார். திரும்பிப் பார்த்தால் ஒரு மின்கம்பத்தின் முன்னால் நின்று, ‘ஆட்கள் தேவை’யின் கடைசி ‘வை’யைச் சுரண்டிக்கொண்டிருப்பார்.

பொட்டிபுரம் மலையைக் குடைந்து உள்ளே ஆராய்ச்சிக் கூடம் கட்டப்போகிறார்கள், வேண்டும், வேண்டாம் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம். எனக்கு அந்த விஷயத்தில் வெறி. டீயை ஆறவிட்டு, நியூட்ரினோ என்றால் என்ன என்று அவருக்கு அரை மணி நேரம் சொன்னேன். நம் உடம்புக்குள், மலைக்குள், பூமிக்குள் எல்லாம் கோடிக்கணக்கில் புகுந்து போகிறது, எதிலும் ஒட்டாது, எதையும் தொடாது, போன தடமே இருக்காது என்றேன்.

கவனமாகக் கேட்டார். “ஒண்ணுமே விட்டுட்டுப் போகாதா?”

“ஒண்ணுமே.”

“நல்ல பிள்ளை” என்றார்.

ஒரே ஒரு தடவை இந்தக் குணம் அவரைக் கவிழ்த்தது. திருமணத் தகவல் மையம் நடத்தும் ஒரு அம்மாள், பழைய ஜாதக சாப்ட்வேரை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போடச் சொன்னார். அண்ணே மிச்சம் தேடினார். பழைய சாப்ட்வேரின் பெயரிலேயே ஒரு போல்டர், பழையதுக்குள்ளேயே ஒளிந்திருந்தது. எடுத்தார். மெழுகினார். அந்தம்மா திறந்து பார்த்தால் மாப்பிள்ளைகள் ஒருவரும் இல்லை. பெண்கள் எல்லாம் பத்திரமாக இருக்கிறார்கள், மாப்பிள்ளை ஜாதகங்கள் மொத்தமும் போய்விட்டன.

“பெத்தவகளுக்கு நான் என்னா பதில் சொல்றது? ஒரு மாப்பிள்ளை ரெண்டு மாப்பிள்ளையா, போடியில இருந்து கம்பம் வரைக்கும் உள்ள மாப்பிள்ளையை எல்லாம் துடைச்சுட்டீகளே!” என்று அந்தம்மா கடை வாசலில் நின்று கத்தியதைச் சந்தே நின்று கேட்டது.

நல்லவேளை, காகித நகல் இருந்தது. யாரும் சொல்லாமலே அவர் அந்த மையத்தில் போய் உட்கார்ந்து, மூன்று நாள், ராசிக்கட்டம் ராசிக்கட்டமாக அத்தனை மாப்பிள்ளைகளையும் தானே திரும்ப டைப் அடித்துக் கொடுத்தார். எழுந்து வரும்போது ஒரு வழக்கத்தோடு வந்தார். அன்றுமுதல் எந்த மிச்சத்தையும் எடுப்பதற்கு முன்னால் உரிமைக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து, வாய்விட்டுக் கேட்பார்: “இது யாரோடது? எடுக்கவா?” தலையாட்டினால் போதாது. ‘எடுங்க’ என்று வாயால் சொல்லவேண்டும். கோர்ட்டு மாதிரி இருக்கும்.

இந்த வழக்கம் வந்து ஆறு மாதம் கழித்துத்தான் என் மாமா விஷயம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. போடிமெட்டைத் தாண்டிச் சரிவில் ஏலத்தோட்டம், அங்கேயே காய் உலர்த்துகிற ஸ்டோர். வாரத்தில் ஐந்து நாள் மேலேயே தங்குவார். ரத்தக்கொதிப்பு உண்டு. தினம் காலையில் ஒரு மாத்திரை, விட்டால் ஆபத்து என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததோடு நில்லாமல் கையைப் பிடித்துக்கொண்டும் சொல்லியிருந்தார். அத்தை போடியில் இருந்து போன் போட்டால் மலையில் சிக்னல் கிடைக்காது. கிடைத்தால் அத்தை கேட்பது ஒரே கேள்வி, “மாத்திரை போட்டீகளா?” மாமா சொல்வது ஒரே பதில், “ஆங், போட்டாச்சு.” சனிக்கிழமை சட்டையைத் துவைக்க எடுத்தால் பையில் மாத்திரை அட்டை உடையாமல் இருக்கும். அத்தை அழுவார். மாமா அடுத்த வாரத்துக்குச் சத்தியம் பண்ணுவார்.

அந்த வருடம் காய் பொறுக்கப் போதுமான ஆள் கிடைக்கவில்லை. பொறுக்குவது என்றால், உலர்ந்த ஏலக்காயைப் பரப்பிப் பச்சையைத் தனியாக, வெளுத்ததையும் வெடித்ததையும் தனியாகப் பிரிப்பது. நான் சும்மா இருக்கமாட்டாமல், அதற்கு மிஷின் இருக்கிறது, கேமரா வைத்து நிறம் பார்த்துப் பிரிக்கும் என்று மாமாவின் உயிரை வாங்கினேன். கடைசியில் ஒரு பருப்பு மில்லில் ஓடிக்கொண்டிருந்த பழைய மிஷின் ஒன்று கிடைத்தது. மிஷினோடு ஒரு கம்ப்யூட்டர். “பருப்புச் சாப்ட்வேரை எடுத்துட்டு ஏலக்காய்ச் சாப்ட்வேரைப் போட்டாப் போதும் மாமா. நானே செய்வேன்” என்றேன். செய்தேன். வெற்றிகரமாக நீக்கப்பட்டது என்று வந்தது. எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மிஷின் ஓடியது. என்ன அருமையாக ஓடியது! ஒரு காயைக்கூடத் தவறவிடாமல் பார்த்து, மணிப்பச்சையான காய்களை எல்லாம் கழிவு என்று வெளியே தள்ளியது. மஞ்சளாய் வெளுத்துப்போன, விதை பிடிக்காத சாவிக் காய்களை மட்டும் முதல்தரம் என்று மரியாதையாகப் பெட்டியில் போட்டது. அதற்குத் தெரிந்தது துவரம்பருப்பு. பருப்பில் பச்சை இருந்தால் கெட்டுப்போனது என்று அர்த்தம். நான் திரையில் பச்சை, பச்சை என்று எத்தனை தடவை மாற்றி வைத்தாலும், மறுநாள் காலையில் மிஷின் பருப்புக்குத் திரும்பியிருக்கும். மூன்று தடவை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஒரு மாதம் மலைக்கும் போடிக்கும் அலைந்தேன்.

காய் பொறுக்குகிறவர்களுக்குத் தலைவி முத்தம்மாக்கா. மிஷின் கழித்த பச்சையை எல்லாம் திரும்பக் கையால் பொறுக்குவது அவர் வேலையாயிற்று. “எங்களுக்கு ரெண்டு கண்ணு. இதுக்கு எத்தனை கண்ணு தம்பி?” என்பார். கேமராக்களை எண்ணிச் சொல்வேன். “அத்தனையும் அவிஞ்சு போச்சே, பாவம்” என்பார். மாமா ஒரு நாள் முடிவாகச் சொன்னார்: “மாப்ளே, வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள இது ஒழுங்காப் பொறுக்கணும். இல்லேன்னா பழைய இரும்புக்குப் போகும். அதோட நீயும் ஜீப்புல ஏறி எறங்கிக்க.”

இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. தினமும் காலை பத்து மணிக்கு அந்தத் திரையில் ‘டிங்’ என்று ஒரு சிறு பெட்டி வரும். சிவப்பு எழுத்தில், ‘கருப்பையாண்ணே, மாத்திரை போட்டீகளா?’ என்றிருக்கும். பருப்பு மில்லில் யாரோ, யாருக்கோ வைத்தது. நான் இருக்கிற நாட்களில் வந்ததும் மூடிவிடுவேன். அந்த மாதம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது: “சாமி புண்ணியம் மதினி. ஒரு மாசமா அவக மாத்திரையை ஒழுங்காப் போடுறாக. அட்டை காலியா வருது.” காதில் விழுந்தது, அவ்வளவுதான். நான் அப்போது போனில் ஏதோ டவுன்லோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கு இரண்டு நாள் முன்னால் மிச்சம் அண்ணேயிடம் போய் விழுந்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “பருப்பு இன்னும் ஊருக்குப் போகலை தம்பி” என்றார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை, தோட்ட வேலைக்குப் போகிறவர்களோடு ஜீப்பில் ஏறினோம். பதினைந்து பேர். அவருக்கு முன்சீட்டு. கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு முன்பே கண்ணாடியில் பாதி கிழிந்த ஒரு ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டார். “இது யாரோடது?” என்று டிரைவரைக் கேட்டார். “போன ஓனரோடதுண்ணே.” “எடுக்கவா?” “எடுத்துக்கங்க, எனக்கென்ன.” மண்ணெண்ணெய்த் துணி வெளியே வந்தது. மற்றவர்கள் வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்துக்கொண்டு சாய, அவர் ஒரு கையால் சுரண்டிக்கொண்டே வந்தார். போடிமெட்டில் இறங்கும்போது கண்ணாடி பளிங்கு. “அண்ணே, நாளைக்கும் வாங்க, பின்னாடி ஒண்ணு இருக்கு” என்றார் டிரைவர்.

ஸ்டோரில் மாமா உலர்த்துகிற அறைக்குள் இருந்தார். அண்ணே மிஷின் முன்னால் உட்கார்ந்து, “மிச்சம் எங்க?” என்றார். மதியம்வரை தேடினார். காலண்டர் தாளில் பதினோரு வரிகள் சேர்ந்தன. பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கோர்ட்டைத் தொடங்கினார்.

“ஒண்ணு. நல்ல நிறம் எது, கெட்ட நிறம் எதுன்னு எழுதுன பைலு. மறைச்ச போல்டர்ல கெடக்கு. புதுச் சாப்ட்வேரு காலையில எந்திரிச்சதும் இதைத்தான் படிக்குது. யாரோடது?”

“பருப்பு மில்லோடது.”

“எடுக்கவா?”

“எடுங்க.”

இப்படிப் பத்து வரை போயிற்று. எனக்கு ஜீப்பு ஞாபகம். மூன்று மணி ஜீப்பை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான்.

“பதினொண்ணு. தினம் பத்து மணிக்கு ஒரு செய்தி. கருப்பையாண்ணே, மாத்திரை போட்டீகளா. இது யாரோடது?”

“எவனோ கருப்பையாவோடது. குப்பைண்ணே.”

“மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாயேன்.”

“அவரு அடுப்புக்கிட்ட நிக்கிறாரு. அவருக்கு இதுல என்னாண்ணே தெரியும்? வெரசா எடுங்க, ஜீப்பு போயிரும்.”

“நீ சொல்றேல்ல?”

“நான் சொல்றேன். எடுங்க.”

எடுத்தார். மெழுகினார்.

மிஷினைத் திரும்பப் போட்டோம். முத்தம்மாக்கா ஒரு கூடைக் காயைக் கொட்டினார். பச்சை பச்சையாக, ஒரே அளவில், முதல்தரப் பெட்டியில் சலசலவென்று விழுந்தது. மஞ்சள் அத்தனையும் கழிவுக்குப் போனது. முத்தம்மாக்கா கழிவுக்கூடைக்குள் கையை விட்டு அலசினார். ஒரு பச்சைகூட இல்லை. “கண்ணு தெறந்திருச்சே!” என்றார். மாமா ஓடிவந்து இரண்டு கையிலும் காயை அள்ளி மோந்து பார்த்தார். நிறம் பிரிக்கிற மிஷினில் மோந்து பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மிஷின் ஓடுகிற சந்தோஷத்தில் மாமா அந்தச் சனி, ஞாயிறு வீட்டுக்குக்கூட இறங்கவில்லை. ஆறாம் நாள் அத்தை போன் போட்டார். மாமா தலை சுற்றி, மிஷினுக்குப் பக்கத்தில் இருந்த மூட்டைமேல் சரிந்துவிட்டாராம். முத்தம்மாக்கா முகத்தில் தண்ணீர் அடித்து, இரண்டு பேர் தாங்கிப்பிடிக்க, ஜீப்பில் போட்டுக் கீழே ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். ஓடினேன். மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பேச்சு இருந்தது, நிறம் இல்லை. டாக்டர் அத்தையைத் திட்டிக்கொண்டிருந்தார்: ஆறு நாளாக ஒரு மாத்திரைகூட உள்ளே போகவில்லை, இன்னும் ரெண்டு நாள் போயிருந்தால் நான் வேறு மாதிரி பேசிக்கொண்டிருப்பேன் என்று.

“ஏன் மாமா போடல?”

மாமா கோபமாகத்தான் சொன்னார். “மிஷினு கேக்கவே இல்லயே மாப்ளே.”

அத்தை ஐந்து வருடமாகக் கேட்ட கேள்வி. மிஷின் ஒரு மாதம் கேட்டது, மாமா கேட்டுக்கொண்டார். “உன் அத்தை கேட்டா எனக்குச் சீக்குங்கிற மாதிரி இருக்கு. அது என்னைய எங்க கேட்டுச்சு? கருப்பையாவைக் கேட்டுச்சு. பாவம், அவனுக்கும் நம்மளை மாதிரித்தான்னு, அவனோட சேர்ந்து நானும் ஒண்ணு போட்டுக்குவேன்.”

நேரே சந்துக்குப் போனேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அண்ணே என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஷட்டரை இறக்கிவிட்டார், பகல் பன்னிரண்டு மணிக்கு.

“நீ சொல்றேன்னு சொன்னே. ஆனா மிஷினு உன்னோடதா?” என்றார். “கேக்க வேண்டிய ஆளை நான் கேக்கலை தம்பி.”

மேலே போய் இரண்டு நாள் அந்தப் பதினொன்றாம் வரியைத் தேடினார். அழிந்ததை மீட்கிற சாப்ட்வேர் உலகத்தில் எத்தனை உண்டோ அத்தனையும் போட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றும் தோற்றதும் அதை அன்இன்ஸ்டால் பண்ணி, அதன் மிச்சத்தையும் தேடி எடுத்துவிட்டுத்தான் அடுத்ததைப் போட்டார். இரண்டாம் நாள் சாயங்காலம் கண்ணாடியைக் கழற்றினார். “இல்ல. சுத்தமா இல்ல. நான்ல எடுத்தது” என்றார். அந்தக் குரலில் துக்கம் பாதி, பெருமை பாதி.

“புதுசா ஒண்ணு வெச்சிருங்கண்ணே, ரெண்டு நிமிசம்” என்றேன். எதையும் போடுவதற்கு விரும்பாத மனிதர், போட உட்கார்ந்தார். மாமா அதற்குள் தேறி மேலே வந்து பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார்.

“மொதலாளி, உங்க பேரைப் போட்டுரவா?”

“என் பேரு எதுக்கு? கருப்பையாதான் வரணும். சிவப்புல வரும். டிங்குனு ஒரு சத்தம்.”

“டிங்கு இல்ல, டிண்ங்கு” என்றார் முத்தம்மாக்கா. சத்தத்தைப் பிடிக்க மட்டும் அரை மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு சத்தமாக அண்ணே போட்டுக் காட்ட, மாமாவும் முத்தம்மாக்காவும் கண்ணை மூடிக் கேட்டு, இது இல்லை, இது இல்லை என்றார்கள். கடைசியில் ஒன்றுக்கு இருவரும் ஒரே நேரத்தில் கண்ணைத் திறந்தார்கள்.

மறுநாள் பத்து மணிக்கு எல்லாரும் திரை முன்னால் நின்றோம். டிங். சிவப்பு எழுத்து வந்தது. ஆனால் இரண்டு வரி.

‘கருப்பையாண்ணே, மாத்திரை போட்டீகளா?
போட்டுட்டு டம்ளரைக் கழுவிக் கவுத்தி வைங்க.’

“ரெண்டாவது வரி கருப்பையாவுக்கு வர்றது இல்லையே தம்பி?” என்றார் மாமா.

“அது நான் சொல்றது மொதலாளி” என்று அண்ணே மிஷினின் மேல்தகட்டைக் காட்டினார். மாமா தினமும் ஈர டம்ளரை வைத்து வைத்து, அதில் வட்டம் வட்டமாகக் கறை. அண்ணே கவரிலிருந்து துணியை எடுத்தார்.

அடுத்த வருடம் எனக்கு ஒரு கம்பெனியில் வேலை வந்தது. அதே சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, என்னிடம் எப்போதோ வாங்கிய பென் டிரைவைக் கொடுத்துவிட்டு, “பாப்போம் தம்பி” என்றார். மறுநாள் சந்துக்குப் போனேன். கடை இல்லை. காலி செய்த கடை என்றால் ஒரு ஆணி, ஒரு வயர் துண்டு, பலகை இருந்த இடத்தில் ஒரு வெளுப்பு இருக்குமே? ஆணி ஓட்டைகளை அடைத்துப் பூசியிருந்தார். பூசின இடம் புதிதாகத் தெரியக்கூடாது என்று வெள்ளையில் கொஞ்சம் டிகாஷன் கலந்து அடித்தார் என்று டீக்கடைக்காரர் சொன்னார். எங்கே போனார் என்று அவருக்கும் தெரியவில்லை. பென் டிரைவைச் செருகிப் பார்த்தேன். பிறந்த குழந்தை மாதிரி இருந்தது. அவர் நம்பர் இப்போது ராமநாதபுரம் பக்கத்தில் ஒரு அம்மாளிடம் இருக்கிறது. “மிச்சம் அண்ணே இருக்காரா?” என்று கேட்டேன். “மிச்சமும் இல்ல, சொச்சமும் இல்ல, வைய்யி போனை” என்றார்.

போன மாதம் மாமா கூப்பிட்டார். மிஷினுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது, மாற்றிக் கொடு என்றார். இப்போது நான் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறேன், இரண்டு நாள் லீவு போட்டு மேலே போனேன். பழையதில் இருப்பதை எல்லாம் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். கை தானாக அப்படி எழுதியது. எது புதியதற்குப் போகவேண்டும், எதை எடுக்கவேண்டும் என்று மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். முக்கால்வாசி முடிந்தபோது மணி பத்து. டிங்.

மாமா எழுந்தார். மாத்திரையைப் போட்டார். தண்ணீர் குடித்தார். குழாயடிக்குப் போய் டம்ளரைக் கழுவி, உதறி, அலமாரியில் கவிழ்த்து வைத்தார். மிஷினின் மேல்தகட்டில் ஒரு வட்டம்கூட இல்லை. திரும்ப வந்து உட்கார்ந்தார்.

“இது யாரோடது மாமா?” என்றேன், சும்மா கேட்போமே என்று.

“மேல் வரி கருப்பையாவோடது.”

“கீழ் வரி?”

மாமா யோசித்தார். “அந்தத் தம்பி பேரு என்னடா?”

“தெரியாது மாமா.”

முத்தம்மாக்காவைப் பார்த்தோம். அவருக்கும் தெரியவில்லை. காய் சலசலவென்று விழுந்துகொண்டிருந்தது. நான் தாளைப் பார்த்தேன், திரையைப் பார்த்தேன். வழக்கத்தை முடிக்க வேண்டாமா?

“எடுக்கவா?” என்றேன்.

“மொதல்ல அதுல இருந்து கையை எடுடா” என்றார் மாமா.